டிவிடெண்ட் வந்த பிறகு விற்கலாமா, முன்பே விற்கலாமா? மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் பக்கம் இருக்கும் சில தமிழ்க் குடும்பங்களுக்கு மாலை நேரத்தில் வருமான வரிக் கணக்கு போட்டுக் கொடுக்கிறேன். ஏப்ரல் கடைசியில் கம்பெனிகள் ஆண்டுக் கணக்கை வெளியிட ஆரம்பித்ததும் ஒரே கேள்வி பல குரல்களில் வரும். "விற்கலாம்னு நினைச்சேன், ஆனா அடுத்த வாரம் டிவிடெண்ட் இருக்காமே, அதை வாங்கிட்டு விற்கட்டுமா?" டிவிடெண்ட் என்பது கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம்.

இதை எழுத வைத்தது எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு பெரியவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு முன்பணம் கட்ட 300 பங்குகளை விற்க முடிவு செய்தார். அன்று விலை 612 ரூபாய். மூன்று வாரம் தள்ளி 11 ரூபாய் டிவிடெண்ட் இருந்ததால் காத்திருந்தார். 3,300 ரூபாய் வந்தது. அதற்குள் விலை 540-க்கு இறங்கி, பங்கின் மதிப்பில் 21,600 ரூபாய் போய்விட்டது. விலை ஏறியும் இருக்கலாம், அது வேறு. அவர் காத்திருந்த காரணம்தான் தவறு. அந்த 11 ரூபாயைத் தனக்கு மேற்கொண்டு கிடைக்கப்போகும் பணம் என்று நினைத்திருந்தார்.

டிவிடெண்ட் விஷயத்தில் எத்தனையோ தேதி சொல்கிறார்கள். விற்பவர் எதைப் பார்க்க வேண்டும்?

எக்ஸ் டேட்டைப் பாருங்கள்.

மற்றவை எதற்கு என்று ஓர் உண்மைக் கணக்கை வைத்துச் சொல்கிறேன். டிசிஎஸ் 2025 ஜனவரி 9 அன்று பங்குக்கு 10 ரூபாய் இடைக்கால டிவிடெண்டும் 66 ரூபாய் சிறப்பு டிவிடெண்டும் அறிவித்தது. இது அறிவிப்பு நாள். ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, ரெக்கார்ட் டேட். அன்று யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். எக்ஸ் டேட்டும் அதே நாள். அதாவது, அன்று வாங்குபவருக்கு இந்த டிவிடெண்ட் கிடையாது. பணம் வரும் நாள் பிப்ரவரி 3.

எக்ஸ் டேட்டும் ரெக்கார்ட் டேட்டும் இப்போது பெரும்பாலும் ஒரே நாள். இடையில் விடுமுறை விழுந்தால் பிரியலாம். என்எஸ்இ, பிஎஸ்இ ஆகிய பங்குச் சந்தைகளின் தளங்களில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள்.

எந்த நாளில் விற்றால் டிவிடெண்ட் எனக்கு?

எக்ஸ் டேட் அன்றோ அதற்குப் பிறகோ விற்றால் டிவிடெண்ட் உங்களுக்கு. முந்தைய வர்த்தக நாளில் விற்றால் வாங்கியவருக்கு. டிசிஎஸ் உதாரணத்தில், 16-ஆம் தேதி வியாழக்கிழமை விற்றவருக்கு 76 ரூபாய் கிடையாது. 17-ஆம் தேதி காலை 9.15-க்கு விற்றவருக்கு உண்டு. விற்ற பிறகு அவர் கையில் ஒரு பங்குகூட இல்லாவிட்டாலும் பிப்ரவரியில் பணம் வரும்.

வாங்குபவருக்கு இதன் மறுபக்கம்: எக்ஸ் டேட் திங்கட்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் வாங்கியிருக்க வேண்டும். சனி, ஞாயிறு கணக்கில் வராது.

ரெக்கார்ட் டேட்டுக்கு இரண்டு நாள் முன்னாடியே வாங்கணும்னு அப்பா சொல்றாரே?

அவர் சொல்வது அவர் காலத்துக்குச் சரி. 2003 ஏப்ரலிலிருந்து இங்கே டி+2 முறை இருந்தது. இன்று வாங்கினால் மறுநாளுக்கு மறுநாள் பங்கு டீமேட்டுக்கு, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்குக்கு, வரும். அதனால் எக்ஸ் டேட் ரெக்கார்ட் டேட்டுக்கு ஒரு நாள் முன்னால் விழுந்தது. 2023 ஜனவரி 27-லிருந்து எல்லாப் பங்குகளும் டி+1-க்கு வந்துவிட்டன. பங்கு மறுநாளே வந்துவிடுவதால் இரண்டு தேதியும் ஒன்றாகிவிட்டன.

மாட்டுங்காவில் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இன்னும் பழைய கதை வரும். பங்குப் பத்திரத்தோடு டிரான்ஸ்ஃபர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, லோக்கல் பிடித்து, ஃபோர்ட்டில் புரோக்கர் ஆபீஸில் கொடுத்துவிட்டு வருவார்கள். கம்பெனி 'புக் குளோஷர்' என்று பதிவேட்டை மூடும் முன் பெயர் மாறியதா என்ற கவலை வாரக்கணக்கில் இருக்கும். அந்தக் காலத்தில் டிவிடெண்ட் கைக்கு வருவதே ஒரு வெற்றியாக இருந்தது. அந்த மனப்பழக்கம் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எக்ஸ் டேட் அன்று விலை நிஜமாகவே இறங்குமா?

இறங்கும். யாரும் சதி செய்வதில்லை. கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் வெளியே போவது உறுதியாகிவிட்டது. முந்தைய நாள் வரை வாங்கியவர் பங்கையும் வரப்போகும் டிவிடெண்டையும் சேர்த்து விலை கொடுத்தார். இன்று வாங்குபவருக்கு வெறும் பங்குதான். அவர் ஏன் அதே விலை கொடுப்பார்?

ஊர்ச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர்கள் காலையில் கறக்காமல் மடி நிறையத்தான் கொண்டுபோவார்கள். கறந்த பாலை வீட்டில் வைத்துக்கொண்டு, வற்றிய மடியோடு நிற்கும் மாட்டுக்கு அதே விலை கேட்க முடியாது. டிவிடெண்ட் வாங்கிவிட்டு விற்பதும், வாங்காமல் விற்பதும் அப்படித்தான். ஒன்றில் பால் உங்களிடம், இன்னொன்றில் பாலின் விலை உங்களிடம்.

ஆனால் திரையில் இது எப்போதும் துல்லியமாகத் தெரியாது. டிசிஎஸ் அப்போது 4,000 ரூபாய்க்கு மேல் விற்றது. 76 ரூபாய் என்பது 2 சதவீதத்துக்கும் குறைவு. எந்தச் செய்தியும் இல்லாத நாளிலேயே ஒரு பங்கு அந்த அளவு ஏறி இறங்கும். சந்தை முழுவதும் ஏறும் நாளாக இருந்தால் எக்ஸ் டேட் அன்றுகூடப் பச்சையில் முடியலாம். "பாருங்க, டிவிடெண்டும் வந்தது, விலையும் ஏறிச்சு" என்று யாராவது காட்டினால், டிவிடெண்ட் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் அதிகம் ஏறியிருக்கும் என்பதுதான் பதில்.

இறக்கம் டிவிடெண்டுக்குச் சரியாகச் சமமாகவும் இருக்க வேண்டியதில்லை. எல்ட்டன், க்ரூபர் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1970-இல் நியூயார்க் சந்தையை ஆராய்ந்து, சராசரி இறக்கம் டிவிடெண்டைவிடக் குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். அவர்கள் சொன்ன காரணம் வரி. டிவிடெண்டுக்கு ஒரு விகிதம், விலை லாபத்துக்கு வேறு விகிதம் என்றால், கையில் வரும் 10 ரூபாய் டிவிடெண்டும் விலையில் இருக்கும் 10 ரூபாயும் முதலீட்டாளருக்குச் சமமல்ல. நமக்கும் அந்தக் கேள்விதான் முக்கியம்.

அப்படியென்றால் முன்னாடி விற்றாலும் பின்னாடி விற்றாலும் ஒன்றுதானே?

வரி இல்லாத உலகத்தில் ஒன்றுதான். இங்கே ஆளுக்கு ஆள் மாறும். என்னிடம் வருபவர்களில் நேரம் கொடுத்து உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நான் விரும்புவது இந்த ஒரு பதிலைத்தான்.

2020 ஏப்ரல் 1-க்கு முன் கம்பெனியே டிவிடெண்ட் விநியோக வரியைக் கட்டிவிடும். பெரும்பாலான சிறு முதலீட்டாளர்களுக்கு டிவிடெண்ட் வரியில்லாத பணமாக வந்தது. அந்தத் தேதியிலிருந்து அது உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி அடுக்கு என்னவோ அந்த விகிதத்தில் வரிக்கு உட்படுகிறது. பங்கை விற்கும் லாபத்துக்குத் தனி விகிதம். 2024 ஜூலை 23-லிருந்து, 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்த பட்டியலிட்ட பங்கென்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதம் தாண்டாவிட்டால் 20 சதவீதம். எல்லாவற்றுக்கும் மேல், அந்த வரித் தொகையின் மீது 4 சதவீத செஸ்.

இப்போது ஒரு கணக்கு. 200 பங்கு, வாங்கிய விலை 400, இப்போது 500, டிவிடெண்ட் 20 ரூபாய். விலை சரியாக 20 ரூபாய் இறங்கி 480-க்கு வருவதாக வைத்துக்கொள்வோம். முன்பே விற்றால் 4,000 ரூபாய் விலை லாபத்துக்குள் போகிறது. பின்னால் விற்றால் அதே 4,000 டிவிடெண்டாக வருகிறது.

பொவாயில் மென்பொருள் வேலை பார்க்கும், 30 சதவீத அடுக்கில் இருக்கும் தம்பிக்கு: டிவிடெண்டாக வந்தால் செஸ்ஸோடு 31.2 சதவீதம், அதாவது 1,248 ரூபாய் வரி. பங்கை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து, 1.25 லட்ச வரம்பைத் தாண்டியிருந்தால் விலை லாபமாக 520 ரூபாய். வரம்புக்குள் இருந்தால் பூஜ்யம். ஒரு வருடம் ஆகாத பங்கானாலும் 832 ரூபாய்தான். மூன்று வகையிலும் அவர் எக்ஸ் டேட்டுக்கு முந்தைய நாளே விற்பது நல்லது. எப்படியும் விற்கத்தான் போகிறார் என்றால்.

இப்போது ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். புதிய வரி முறை, ஓய்வூதியமும் வட்டியும் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 9 லட்சம். 2025-26 நிதியாண்டிலிருந்து மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடியால் வழக்கமான வரி பூஜ்யமாகிவிடுகிறது. டிவிடெண்ட் அந்த வழக்கமான வருமானத்தில் சேர்வதால் அவருடைய 4,000-க்கு வரி இல்லை. ஆனால் அந்தத் தள்ளுபடி பங்கு விற்ற லாபத்துக்குப் பொருந்தாது. ஒரு வருடம் ஆகாத பங்கை முன்பே விற்றால் 832 ரூபாய் கட்ட வேண்டும். ஆகவே அவர் எக்ஸ் டேட் வரை காத்திருப்பது நல்லது. பழைய பங்கு, லாபம் 1.25 லட்சத்துக்குள் என்றால் இரண்டும் சமம்.

ஒரே கட்டடம், ஒரே பங்கு, ஒரே நாள். மூன்றாம் மாடித் தம்பிக்குச் சரியானது முதல் மாடி டீச்சருக்குத் தவறு. அதனால்தான் வாட்ஸ்அப்பில் ஓடும் 'எக்ஸ் டேட்டுக்கு முன் விற்காதே' என்ற அறிவுரையைக் கேட்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. யாருக்குச் சொல்கிறார்கள் என்பது அதில் இல்லை.

போன வருஷம் பங்கில் நஷ்டம். அதை டிவிடெண்டில் கழிக்கலாமா?

முடியாது. பங்கு விற்ற நஷ்டத்தைப் பங்கு விற்ற லாபம் போன்ற மூலதன லாபத்தில்தான் கழிக்க முடியும். டிவிடெண்ட் 'இதர வருமானம்' என்ற தலைப்பில் வருவது, அதைத் தொடாது.

நஷ்டத்தை 8 ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம், உரிய தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால். ஆகவே பழைய நஷ்டம் கையிருப்பில் இருப்பவர் எக்ஸ் டேட்டுக்கு முன் விற்பதையே பெரும்பாலும் சொல்வேன். டிவிடெண்டாக வந்தால் வரி விழும் அதே 4,000, விலை லாபமாக வந்தால் பழைய நஷ்டத்தில் கரைந்துவிடும். குறுகிய கால நஷ்டம் இரண்டு வகை லாபத்திலும் கழியும். நீண்ட கால நஷ்டம் நீண்ட கால லாபத்தில் மட்டும்தான்.

பங்கு வாங்கி ஒரு வருடம் முடிய இன்னும் சில நாள். நடுவில் எக்ஸ் டேட். எதைப் பார்ப்பது?

ஒரு வருடத்தைப் பாருங்கள். 2024 ஜூன் 18 அன்று வாங்கியது, லாபம் ஒன்றரை லட்சம், எக்ஸ் டேட் 2025 ஜூன் 10 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 9-ஆம் தேதி விற்றால் செஸ்ஸோடு 31,200 ரூபாய் வரி. ஜூன் 18 தாண்டி அதே லாபத்தில் விற்றால், 1.25 லட்ச விலக்கு போக மீதி 25,000-க்கு 3,250 ரூபாய். கிட்டத்தட்ட 28,000 ரூபாய் வித்தியாசம். இதற்கு முன்னால் டிவிடெண்ட் என்ன கணக்கு?

தவணை தவணையாக வாங்கியவர்கள் கவனிக்க: டீமேட்டில் முதலில் வந்த பங்குதான் முதலில் விற்றதாகக் கணக்கு. கடைசியாக வாங்கியதை விற்கிறேன் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

டிவிடெண்டுக்காகவே முந்தைய நாள் வாங்கி, மறுநாள் விற்றுவிட்டால்?

டிவிடெண்ட் வரும். லாபம் வராது.

500 ரூபாய்க்கு 200 பங்கு வாங்குகிறீர்கள், ஒரு லட்சம். மறுநாள் 480-க்கு விற்கிறீர்கள், 96,000. டிவிடெண்ட் 4,000. ஒரு லட்சம் ஒரு லட்சமாகவே திரும்பிவிட்டது போலத் தெரியும். ஆனால் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), மொத்தம் 196 ரூபாய். வாங்கும்போது 0.015 சதவீத முத்திரைத் தீர்வை, 15 ரூபாய். 30 சதவீத அடுக்கென்றால் டிவிடெண்டுக்கு வரி 1,248. ஆக 1,459 ரூபாய் போய்விட்டது. தரகு, பங்கை வெளியே எடுக்கும் டிபி கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் அதற்கு மேல். பதிலுக்கு உங்களிடம் 4,000 ரூபாய் குறுகிய கால நஷ்டம் மிஞ்சும். வேறு பங்கில் லாபம் இருந்தால் அதில் கழித்து 832 ரூபாய் வரை மிச்சம் பிடிக்கலாம். அப்போதும் கணக்கு நஷ்டத்தில்தான்.

ஒரு காலத்தில் இதில் பலன் இருந்தது. டிவிடெண்ட் வரியில்லாமல் வரும், நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்கலாம் என்றிருந்ததால் பெரிய முதலீட்டாளர்கள் இதையே ஒரு வழியாக வைத்திருந்தார்கள். அதைத் தடுக்க, ரெக்கார்ட் டேட்டுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வாங்கி, பிந்தைய மூன்று மாதத்துக்குள் விற்றால், வரியில்லாத டிவிடெண்ட் அளவுக்கு நஷ்டத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இன்று டிவிடெண்டுக்கே வரி உண்டு என்பதால் பழைய வழியில் இருந்த சாரமே போய்விட்டது.

'1,200 சதவீதம் டிவிடெண்ட்' என்று செய்தி. இதையாவது விடாமல் பிடிக்க வேண்டாமா?

அந்தச் சதவீதம் சந்தை விலை மீது அல்ல, முகமதிப்பின் மீது, அதாவது கம்பெனி பங்குக்குக் குறித்து வைத்த அடிப்படை மதிப்பின் மீது. முகமதிப்பு 1 ரூபாய் என்றால் 1,200 சதவீதம் என்பது 12 ரூபாய். பங்கு 900-க்கு விற்றால் உங்களுக்கு 1.3 சதவீதம். சேமிப்புக் கணக்கு வட்டிகூட அதைத் தாண்டும்.

தொடக்கத்தில் நானே இப்படி ஒரு தலைப்பைப் பார்த்து, விற்க வைத்திருந்த பங்கை இரண்டு மாதம் வைத்திருந்தேன். இப்போது யாராவது சதவீதம் சொன்னால் முதலில் நான் கேட்பது, பங்குக்கு எத்தனை ரூபாய் என்றுதான்.

ஆண்டுக் கூட்டம் ஆகஸ்ட்டில், ரெக்கார்ட் டேட் ஜூலையில். நடுவில் விற்றால்?

டிவிடெண்ட் உங்களுக்கே. இயக்குநர் குழு பரிந்துரைக்கும் இறுதி டிவிடெண்டுக்குப் பங்குதாரர் கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். இடைக்கால டிவிடெண்டை இயக்குநர் குழுவே கொடுத்துவிடலாம். ரெக்கார்ட் டேட் கூட்டத்துக்கு முன் வந்தால், அன்று பெயர் இருந்தவருக்குக் கூட்டம் ஒப்புதல் தந்தபின் பணம் போகும். அறிவித்த 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம்.

வரிக்கு எந்த ஆண்டு என்றும் சிலர் கேட்பார்கள். இறுதி டிவிடெண்ட் எந்த ஆண்டு லாபத்திலிருந்து வந்தாலும், கூட்டத்தில் அறிவித்த நிதியாண்டின் வருமானம்.

ஸ்டாப் லாஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் உத்தரவு) போட்டிருந்தேன். எக்ஸ் டேட் அன்று காலையிலேயே விற்றுவிட்டது!

விலை டிவிடெண்ட் அளவுக்கு இறங்கித் திறந்து உங்கள் நிறுத்த விலையைத் தொட்டிருக்கும். பங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. 500-இல் இருக்கும் பங்குக்கு 485-இல் நிறுத்த விலை வைத்துவிட்டு 20 ரூபாய் டிவிடெண்டை மறந்தால் இதுதான் நடக்கும். டிவிடெண்ட் பெரிதாக இருந்தால் எக்ஸ் டேட்டுக்கு முந்தைய மாலை நிறுத்த விலையை நீங்களே இறக்கி வையுங்கள்.

அடகு வைத்த பங்கு? இன்ட்ராடே?

அடகு வைத்திருந்தாலும் உரிமை உங்களுடையது, டிவிடெண்ட் வரும். அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேயில் பங்கு உங்கள் டீமேட்டுக்கே வருவதில்லை, டிவிடெண்டும் இல்லை.

மியூச்சுவல் ஃபண்டிலும் டிவிடெண்டுக்கு முன் விற்பது, பின் விற்பது என்று உண்டா?

தத்துவம் அதேதான். அங்கே இன்னும் வெளிப்படையாகத் தெரியும், கொடுத்த தொகை அளவுக்கு என்ஏவி (ஒரு யூனிட்டின் மதிப்பு) இறங்கிவிடும். 2021 ஏப்ரலில் 'டிவிடெண்ட்' என்ற பெயரையே சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அந்தத் திட்டங்களிலிருந்து எடுத்துவிட்டது. வருமானமும் மூலதனமும் சேர்ந்த பகிர்வு என்ற பொருளில் ஐடிசிடபிள்யூ என்று பெயர் மாறியது. உங்கள் மூலதனமே உங்களுக்குத் திரும்பி வரக்கூடும் என்பதை மக்கள் புரிந்துகொள்ளத்தான் அந்த மாற்றம்.

எக்ஸ் டேட்டுக்குப் பிறகு விற்றேன். பணம் வரவில்லை, அல்லது குறைவாக வந்தது.

குறைவாக வந்தால் பெரும்பாலும் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கம்பெனி பிடித்துக்கொள்ளும் வரி. ஒரு கம்பெனியிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் டிவிடெண்ட் 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். 2025 ஏப்ரல் 1-க்கு முன் இந்த வரம்பு 5,000. பான் சரியாக இல்லையென்றால் 20 சதவீதம். பிடித்தது தொலைந்துபோகாது, ஆண்டுத் தகவல் அறிக்கையில் இருக்கும், ரிட்டர்னில் கேட்டுப் பெறலாம். வரியே வராத முதியவர்கள் பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை (60 வயது தாண்டியவர்களுக்கு 15எச் என்று பழகிய படிவம்) கொடுக்கலாம். அதை வங்கியில் கொடுத்துவிட்டு வந்து உட்காருபவர்கள் நிறைய. வங்கியில் கொடுப்பது வைப்பு வட்டிக்கு. டிவிடெண்டுக்கு அந்தக் கம்பெனியின் பங்குப் பதிவாளரிடம், ஒவ்வொரு ஆண்டும், அவர்கள் சொல்லும் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும்.

வரவே இல்லையென்றால் டீமேட்டில் இருக்கும் வங்கிக் கணக்கைப் பாருங்கள். டிவிடெண்ட் வருவது அங்கே, நீங்கள் பங்கு விற்ற பணம் வரும் டிரேடிங் கணக்குக்கு அல்ல. 2019, 2020 ஆண்டுகளில் அரசு வங்கிகள் பல இணைந்தபோது ஐஎஃப்எஸ்சி எண்கள் மாறின. அப்பா பெயரில், பழைய கிளையின் எண்ணோடு அப்படியே கிடக்கும் டீமேட் கணக்குகளை இன்றும் பார்க்கிறேன். சயானில் ஒரு அம்மாவுக்கு நான்கு கம்பெனிகளின் டிவிடெண்ட் மூன்று வருடமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கணவர் இருந்தவரை அவரே பார்த்துக்கொண்டதால் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. பதிவாளருக்கு எழுதி எல்லாம் வந்துவிட்டது. ஏழு வருடம் கேட்காமல் விட்டிருந்தால் பணம் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்டை எடுக்காத பங்குகளும் கூடவே போகும். மீட்கலாம், ஆனால் படிவம், சான்று, காத்திருப்பு என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

இதைப் படிப்பவர் வேறு எதையும் செய்யாவிட்டாலும், இன்று வீட்டுப் பெரியவர்களின் டீமேட்டில் வங்கிக் கணக்கும் நாமினியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

எனக்குப் பணம் தேவை, எக்ஸ் டேட் இன்னும் ஒன்பது நாள். கடைசியாக என்னதான் சொல்கிறீர்கள்?

எங்கள் கட்டடப் பெரியவர் போன மாதம் திரும்பவும் இதையே கேட்டு வந்தார், வேறு ஒரு பங்குக்கு. அவரிடம் நான் கேட்டது மூன்று விஷயம். பணம் எந்தத் தேதிக்குள் வேண்டும்? இந்த ஆண்டு மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள்தானா? பங்கு வாங்கி ஒரு வருடம் ஆகிவிட்டதா? பணம் அந்த வாரமே வேண்டும், வருமானம் வரம்புக்குள், பங்கு ஆறு வருடப் பழசு, லாபம் 70,000. முன்னால் விற்றாலும் பின்னால் விற்றாலும் அவருக்கு வரி பூஜ்யம். காத்திருந்தால் கிடைப்பது ஒன்றும் இல்லை, ஒன்பது நாள் விலை எப்படிப் போகுமோ என்ற கவலை மட்டும்தான். அங்கேயே என் எதிரில் உட்கார்ந்து, மகனுக்கு ஃபோன் போட்டு, விற்கச் சொன்னார்.